குருவி தலையில் எந்தப் பனங்காய்? செயன்முறை மேம்பாட்டுக்கான இலவசக் கையேடுகள்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ நல்லூரிலோ ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் என்று மென்பொருள் செய்யும் அணியை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். வாடிக்கையாளர் கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். ஒருநாள் அவர், "உங்களிட்டை புரொசெஸ் ஏதும் இருக்கோ, சிஎம்எம்ஐ லெவல் என்ன?" என்று கேட்பார். சிஎம்எம்ஐ என்பது ஒரு நிறுவனம் வேலை செய்யும் முறை எவ்வளவு முதிர்ந்தது என்று ஒன்று முதல் ஐந்து வரை மட்டமிடும் மாதிரி. அன்றிரவே யாரோ ஒருவர் தேடி அதன் 482 பக்கப் பிடிஎஃப்பை இறக்குவார். மூன்றாம் நாள் அது டவுன்லோட் போல்டருக்குள் கிடந்து தூசு பிடிக்கும்.

அந்த 482 பக்கமும் மோசமான எழுத்து என்பதால் அப்படி ஆவதில்லை. வாசிக்கிற வரிசை பிழை; வாசிக்கிற அணிக்கு அதன் அளவும் பிழை. இரண்டையும் சரிசெய்தால் அதிலும் எடுக்க நிறைய இருக்கிறது.

இங்கே கணக்கில் எடுத்த கையேடுகள் எல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை. உயர்தரத்தில் ஐசிடி படித்தவர்களுக்கு நீர்வீழ்ச்சி மாதிரி, சுருளி மாதிரி, எஸ்எஸ்ஏடிஎம் எல்லாம் தமிழிலேயே பழக்கம். அவை மென்பொருளை எப்படிச் செய்வது என்று சொல்பவை. செய்கிற முறையை அளந்து திருத்துவது வேறு பாடம்.

சிஎம்எம்ஐ 1.3: அகராதியாக வைத்துக்கொள்ளுங்கள்

இதன் பிறப்பைத் தெரிந்தால் குணமும் புரியும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் 1984இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவகம் தொடங்கியது, சுருக்கமாக எஸ்ஈஐ. ஐபிஎம்மில் இருந்து 1986இல் அங்கு போன வொட்ஸ் ஹம்ஃப்ரியின் முதிர்ச்சிச் சட்டகம்தான் வேர். ஒப்பந்தகாரர் சொன்ன திகதிக்குச் சொன்ன பொருளைத் தருவாரா என்பதை வாங்குகிறவர் முன்கூட்டியே எடைபோட ஒரு தராசு தேவைப்பட்டது. 1993இல் முன்னோடியான சிஎம்எம் 1.1, 2000இல் சிஎம்எம்ஐ, 2010 நவம்பரில் இந்த 1.3ஆம் பதிப்பு. நூற்றுக்கணக்கான பொறியியலாளர் வேலை செய்யும் இடத்தை நினைத்து எழுதியது. எட்டுப் பேர் மேல் அப்படியே ஏற்றினால் குருவி தலையில் பனங்காய்தான்.

உள்ளே 22 செயன்முறைப் பகுதிகள், அதாவது வேலையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. இரண்டாம் மட்டத்தில் 7, மூன்றாவதில் 11, நான்காவதிலும் ஐந்தாவதிலும் இரண்டிரண்டு. முதலாம் மட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாதவரும் அங்கேதான் நிற்பார். ஆகவே "நாங்கள் லெவல் ஒன்று" என்று வலைத்தளத்தில் போடுவது பெருமைக்குரிய விசயமில்லை.

புதிதாக வாசிப்பவர் தடுக்கி விழும் இடம் இதுதான்: இரண்டாம் பாகத்தில் இந்த 22ஐயும் ஆங்கிலச் சுருக்கெழுத்தின் அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் முதலில் வருவது காரணப் பகுப்பாய்வும் தீர்வும், அதாவது ஐந்தாம் மட்டம். எந்த அணியும் முதலில் தொட வேண்டிய தேவைகள் முகாமைத்துவம் (வாடிக்கையாளர் கேட்பதைக் கையாள்வது) பதினேழாவதாகத்தான் வருகிறது. முதல் பக்கத்தில் இருந்து வாசிப்பவர், வழுக்களின் மூல காரணத்தைப் புள்ளிவிபரத்தோடு ஆராயும் அத்தியாயத்தில் போய் மாட்டுப்படுவார். அவரிடம் வழுப் பட்டியலே இருக்காது.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலாம் பாகத்தில் செயன்முறைப் பகுதியின் உறுப்புகளை விளக்கும் இரண்டாம் அத்தியாயம் மட்டும் போதும். அதன் பிறகு நேரே தேவைகள் முகாமைத்துவம், செயற்றிட்டத் திட்டமிடல், செயற்றிட்டக் கண்காணிப்பு, உள்ளமைவு முகாமைத்துவம் (கோப்புகளின் பதிப்புகளைக் கட்டுப்பாட்டில் வைப்பது), அளவீடு, தர உறுதிப்பாடு என்று போகலாம். இரண்டாம் மட்டத்தின் ஏழாவது, வெளியாருக்குக் கொடுக்கும் வேலை பற்றியது. துணை ஒப்பந்தம் எதுவும் கொடுக்காத அணி அதைத் தொடத் தேவையில்லை. 22இலும் "எங்களுக்குப் பொருந்தாது" என்று தள்ளிவைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

இரண்டாம் அத்தியாயத்தை ஏன் விடக்கூடாது? எது கட்டாயம், எது எதிர்பார்ப்பு, எது வெறும் விளக்கம் என்ற பாகுபாடு அங்கேதான் இருக்கிறது. இலக்குகள் கட்டாயம். நடைமுறைகள் எதிர்பார்க்கப்படுபவை; அதே இலக்கை எட்டும் வேறு வழி இருந்தால் மாற்றலாம். துணை நடைமுறை, உதாரண ஆவணப் பட்டியல் எல்லாம் வெறும் விளக்கம். 482 பக்கத்தில் மிகப் பெரும் பங்கு இந்த மூன்றாம் வகை. இதை அறியாமல் உதாரணப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வேர்ட் பைல் திறந்த அணிகள்தான் "சிஎம்எம்ஐ என்றால் பேப்பர் வேலை" என்ற பேரை அதற்கு வாங்கிக் கொடுத்தவை.

தேவைகள் முகாமைத்துவத்தையே பாருங்கள்: ஒரு இலக்கு, ஐந்து நடைமுறை, அவ்வளவுதான். தேவையை விளங்கிக்கொள்வது, செய்பவர்களிடம் சம்மதம் வாங்குவது, மாற்றங்களைக் கையாள்வது, தேவையில் இருந்து சோதனை வரையும், அங்கிருந்து திரும்பியும் தடம் பிடிக்க வழி வைப்பது, திட்டமும் தேவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. இரண்டாவதை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வாடிக்கையாளரோடு பேசியவர் ஒருவர், கோட் எழுதுபவர் இன்னொருவர். "இது வெள்ளிக்கிழமைக்குள் முடியுமோ" என்று பின்னவரைக் கேட்காமலே முன்னவர் ஓம் சொல்லிவிடுவார்.

சான்றிதழ் ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று. 1.3ஐ வைத்து இன்று மதிப்பீடு எடுக்க முடியாது. சிஎம்எம்ஐ 2016 முதல் ஐசாக்கா என்ற தொழில்சார் அமைப்பின் கையில், 2018இல் 2.0, 2023இல் 3.0 வந்தன, அவற்றின் முழு மாதிரியைக் காசு கட்டித்தான் பார்க்கலாம். மட்டம் என்பதும் மதிப்பிட்ட பிரிவுக்கு மட்டுமே உரியது, மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். வாடிக்கையாளர் லெவல் கேட்டால், "மதிப்பீடு எடுக்கவில்லை, தேவை, மாற்றம், பதிப்பு, சோதனை ஆகிய நாலையும் இப்படிக் கையாளுகிறோம்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது மரியாதை.

ஐஎஸ்ஓ/ஐஈசி 29110: இதில் தொடங்குங்கள்

இந்த நியமம் 25 பேர் வரையான அணிகளுக்கென்றே எழுதப்பட்டது. அடிப்படையாக எடுத்துக்கொண்டது மெக்சிக்கோவின் மோப்ரோசொஃப்ட் என்ற தேசிய மாதிரியை. சிறு கொம்பனிகள் நிறைந்த நாடு ஒன்றில் உருவானது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. நுழைவு, அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று நாலு படிகள். வழக்கமாக ஐஎஸ்ஓ நியமம் என்றால் காசு. ஆனால் நுழைவு, அடிப்படைப் படிகளுக்கான கையேடுகளை ஐஎஸ்ஓ இலவசமாகவே விட்டிருந்தது. அடிப்படைப் படிக்கான 5-1-2 என்ற பகுதி 2011இலும் நுழைவுப் படிக்கான 5-1-1 அடுத்த வருடமும் வந்தன. பழைய பதிப்பானாலும் படிப்பதற்குப் போதும்.

எதை எடுப்பது? நுழைவுப் படியின் எல்லை ஆறு ஆள்மாதம், அதாவது மூன்று பேர் இரண்டு மாதம். புதிதாகத் தொடங்கிய அணிகளுக்கும் அதுவே. அதைத் தாண்டும் வேலைக்கு அடிப்படைப் படி. அது ஒரே அணி ஒரே பொருளைச் செய்வதைத்தான் கருதுகிறது. ஒரே நேரத்தில் ஐந்து வேலை ஓடும் அணி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இதைப் பொருத்த வேண்டும்.

அடிப்படைப் படியில் இரண்டே செயன்முறை. செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கு நாலு நடவடிக்கை: திட்டமிடல், திட்டத்தை நடத்தல், மதிப்பிட்டுக் கட்டுப்படுத்தல், முடித்துவைத்தல். மென்பொருள் ஆக்கத்துக்கு ஆறு: தொடக்கம், தேவைகள் பகுப்பாய்வு, கட்டமைப்பும் விரிவான வடிவமைப்பும், ஆக்கம், ஒருங்கிணைப்பும் சோதனையும், கையளிப்பு. ஒவ்வொரு பணிக்கும் இலக்கம், யார் செய்வது, எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று அட்டவணையாகவே இருக்கிறது. வாசிக்கச் சுவையில்லை, ஆனால் கையில் பென்சிலோடு இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். நீர்வீழ்ச்சி முறையைத் திணிக்கிறது என்று சிலர் சொல்வது பிழை. சுற்றுச்சுற்றாகச் செய்வதற்கும் அஜைலுக்கும் இடமுண்டு என்று கையேடே சொல்கிறது.

இனிக் குறைகள். முதல் பணியே "வேலைக் கூற்றை மீளாய்வு செய்" என்பது. என்ன வேலை செய்வது என்ற அந்தக் கூற்று ஏற்கனவே எழுத்தில் இருக்கிறது என்று கையேடு எடுத்துக்கொள்கிறது. வேலை தொடங்கமுன் அது இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறது. யாழ்ப்பாணத்து அணியின் கையில் இருப்பதோ வட்ஸ்அப்பில் வந்த பதினொரு குரல் செய்தியும் ஒரு ஸ்கிரீன்ஷொட்டும். ஆகவே கையேட்டில் இல்லாத ஒரு முன்படி வேண்டும்: குரல் செய்திகளைக் கேட்டு நீங்களே ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம், எப்போது, எந்த வடிவில் கையளிப்போம், முடிந்தது என்று எதைக் கொண்டு சொல்வோம். அனுப்பி, எழுத்தில் "ஓம்" வாங்குங்கள். "செய்யமாட்டோம்" என்ற பகுதிதான் பின்னர் சண்டையைத் தவிர்க்கும்.

ஆவணப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருபதுக்கு மேல் வரும், ஆனால் பலவற்றைச் சேர்த்து வைக்கலாம். எட்டுப் பேர் அணிக்கு ஆறு கோப்பு போதும் என்பது எங்கள் கணிப்பு: வேலைக் கூற்றும் திட்டமும் ஒன்றாக, தேவைகள் பட்டியல், மாற்றக் கோரிக்கைப் பட்டியல், திருத்தப் பதிவேடு, தடப் பட்டியலும் சோதனை முடிவும் ஒரே ஷீட்டில், கூட்டக் குறிப்பும் ஏற்புக் கடிதமும் இருக்கும் ஒரு கோப்பு. கோட், வடிவமைப்பு, பயனர் கையேடு எல்லாம், பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டின் களஞ்சியத்துக்குள்.

மாற்றக் கோரிக்கையும் திருத்தப் பதிவேடும் ஒன்றென்று நினைப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் பிழை. ஒத்துக்கொண்ட ஒன்றை மாற்றுவது மாற்றக் கோரிக்கை. ஒத்துக்கொண்டதில் இருந்து நாங்கள் விலகிப்போனதைச் சரிக்கட்டுவது திருத்தம். முன்னதற்கு வாடிக்கையாளர் காசு தரலாம், பின்னதற்குத் தரமாட்டார். இரண்டையும் ஜிரா என்ற வேலைப் பட்டியல் கருவியில் ஒரே வரிசையில் "டாஸ்க்" என்று போட்டால் மாத முடிவில் எந்த மணித்தியாலத்துக்கு பில் போடுவது என்று தெரியாது. மாற்றக் கோரிக்கை வரிசையில் கேட்டவர், திகதி, காரணம், எத்தனை மணித்தியாலம் கூடும், முடிவு, முடிவெடுத்தவர் என்று ஆறு நிரல் இருந்தால் போதும்.

தடப் பட்டியல் பழுதாவதற்கு முக்கிய காரணம், தேவையின் இலக்கத்தை மாற்றுவது. தேவை 14 நீக்கப்பட்டால் 14 வெறுமையாகவே இருக்கட்டும். 15ஐ மேலே ஏற்றாதீர்கள். ஏற்றிய அன்றே சோதனைகள் எல்லாம் பிழையான தேவையைச் சுட்டத் தொடங்கும், யாருக்கும் தெரியாது.

பேஸ்லைன் என்ற சொல்லைக் கையேடு அடிக்கடி பாவித்தாலும் அதைப் புதியவருக்கு விளங்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒத்துக்கொண்ட நிலையைப் பூட்டி, பெயர் வைத்து, அதற்குப் பின் மாற்றக் கோரிக்கை இல்லாமல் தொடாமல் விடுவது. கிட்டில் ஒரு டேக், தேவைகள் கோப்புக்குத் திகதியோடு ஒரு பிடிஎஃப் பிரதி. அவ்வளவே.

சொன்னபடி செய்தோமா என்பதும், சொன்னதே பயனருக்குச் சரிப்பட்டு வருமா என்பதும் இரண்டு வேறு சோதனைகள். கையேடு இரண்டின் முடிவையும் தனித்தனியாகக் கேட்கிறது. அணிகள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டுக்கும் டிக் போடும். ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருள் என்றால், இரண்டாவது சோதனை உங்கள் மேசையில் நடக்காது. காசுமேசையில் இருப்பவர் சனம் நிற்கும் நேரத்தில் தட்டிப் பார்க்க வேண்டும்.

களஞ்சியத்தின் காப்புப்பிரதி பற்றியும் பணி இருக்கிறது, தேவைப்பட்டால் மீட்பது பற்றியும் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய பிரதியை வேறு லப்டொப்பில் உண்மையாகவே மீட்டுப் பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல.

இந்தக் கையேட்டோடு சேர்த்து எடுக்க வேண்டியவை மொன்றியல் ஈடிஎஸ் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் குளோட் லப்போர்ட்டின் தளத்தில் இருக்கும் இலவசப் பொதிகள். தேவைகள், சோதனை, பதிப்புக் கட்டுப்பாடு என்று தலைப்புக்கு ஒன்று. படிகள், வார்ப்புரு, சரிபார்ப்புப் பட்டியல், உதாரணம் எல்லாம் உள்ளே. நியமத்தின் வறண்ட அட்டவணைக்குத் தண்ணீர் விடுபவை இவைதான். ஒரே மூச்சில் எல்லாப் பொதிகளையும் எடுக்காமல், எங்கே அதிகம் அடிவாங்குகிறீர்களோ அந்த ஒன்றை எடுத்து ஒரு வேலையில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் புதிதாகத் தொடங்கும் வேலையில். பாதியில் நிற்கும் வேலைக்குப் பின்னோக்கி ஆவணம் எழுதினால், எழுதுபவர் ஞாபகத்தில் இருந்து கதைதான் எழுதுவார்.

பிஎஸ்பி: ஒருவருக்கு மட்டும்

தனிநபர் மென்பொருள் செயன்முறை பற்றி ஹம்ஃப்ரி 2000இல் எழுதிய எஸ்ஈஐ அறிக்கை, பெரிய மாதிரிகளின் கருத்தை ஒரே ஒரு நிரலாளரின் மேசைக்குக் கொண்டுவருகிறது. பிஎஸ்பி 0இல் தொடங்கி 2.1 வரை படிகள். முழுவதையும் பின்பற்றச் சொல்லமாட்டோம். கம்பைல் செய்வதைத் தனிக் கட்டமாகவும் நிரல்மொழியின் தொடரிலக்கணப் பிழையைத் தனி வகையாகவும் எண்ணுகிறது. எடிட்டரே சிவப்புக் கோடு போடும் காலத்தில் அதற்குப் பெறுமதி குறைவு.

ஆனால் இரண்டு படிவங்கள் தங்கம். நேரப் பதிவில் தொடங்கியது, நிறுத்தியது, இடையூறு, மிச்சம் என்று நாலு நிரல்: 9.10க்குத் தொடங்கி 11.40க்கு நிறுத்தினால் 150 நிமிடம், தொலைபேசிக்கும் தேநீருக்கும் 35 போனால் வேலை 115. இரண்டு கிழமை எழுதினாலே, "அரை நாள் வேலை" என்று நீங்கள் சொல்வது உண்மையில் எத்தனை மணித்தியாலம் என்று தெரிந்துவிடும். மற்றது வழுப் பதிவு: பத்து வகை, 10இல் இருந்து 100 வரை இலக்கமிட்டு, எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, திருத்த எத்தனை நிமிடம். ஐம்பது வழு சேர்ந்த பிறகு உங்கள் சொந்தச் சரிபார்ப்புப் பட்டியலை அதில் இருந்து எழுதலாம். இணையத்தில் எடுத்த பொதுப் பட்டியலை விட அது நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் அது உங்கள் கைக்கு வரும் பிழைகளின் பட்டியல்.

கெட்டுப்போவது ஒரே இடத்தில். முதலாளி அந்த எண்களைச் சம்பள உயர்வுக்குப் பாவித்த அன்றே எல்லோரும் பொய் எழுதத் தொடங்குவார்கள். தனிநபர் தரவு எழுதியவருக்கே சொந்தம் என்பதில் ஹம்ஃப்ரி உறுதியாக நின்றார். முகாமையாளருக்குக் கூட்டுத்தொகை மட்டும் போகட்டும்.

மற்றவை, சுருக்கமாக

செயன்முறையைத் திருத்தும் வழியைச் சொல்லும் எஸ்ஈஐயின் ஐடியல் கையேடு 1996இல் வந்தது: தொடங்கு, நோயறி, திட்டமிடு, செய், கற்றதைப் பயன்படுத்து என்று ஐந்து கட்டம். சிந்தனை நல்லது, உடுப்பு பெரிது. வழிநடத்தும் குழு, செயன்முறைக் குழு, தொழினுட்பக் குழு என்று மூன்று அடுக்கு. செயன்முறைக் குழுவுக்குப் பொறியியலாளர் தொகையில் ஒன்று முதல் மூன்று வீதம் என்பது எஸ்ஈஐயின் பழைய கணக்கு. பன்னிரண்டு பேரில் மூன்று வீதம் என்றால் ஒரு ஆளின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். அதை நேரமாக்குங்கள்: ஒருவருக்குக் கிழமையில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் நாள். புதிய முறையை முதலில் ஒரு வேலையில் ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டே மற்றவற்றுக்குக் கொண்டுபோ என்ற அறிவுரைக்காகச் 'செய்' கட்டத்தை மட்டும் வாசிக்கலாம்.

ஸ்பைஸ் என்று பெயர் வாங்கிய செயன்முறை மதிப்பீட்டு நியமம் 15504 இப்போது 33000 தொடராகிவிட்டது, அதைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். அதன் வாகனத் துறை வடிவமான ஓட்டோமோட்டிவ் ஸ்பைஸ் இலவசம். காருக்கு மென்பொருள் எழுதாதவரும் அதிலுள்ள புள்ளியிடும் அளவுகோலைக் கடன் வாங்கலாம்: 15 வீதம் வரை இல்லை, 50 வரை ஓரளவு, 85 வரை பெரும்பாலும், அதற்கு மேல் முழுமை. "செய்கிறோமா, இல்லையா" என்ற ஆம்-இல்லைக் கேள்வியை விட இது உண்மையைக் கக்க வைக்கும்.

குறுகிய சுற்றுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறைக் கையேட்டின் 2020 பதிப்பு பதின்மூன்று பக்கம்தான். அது மேம்பாட்டு மாதிரி இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஒன்றைக் கட்டாயமாக்குகிறது, ஒரு மாதச் சுற்றுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகாமல். 29110 அட்டவணைகளோடு இதைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். பல்கலைக்கழக மாணவர்களுக்கு, மென்பொருள் பொறியியல் அறிவுத் தொகுப்பான ஸ்வெபொக் 3ஆம் பதிப்பின் எட்டாம் அத்தியாயம் பரீட்சைக்கு உதவும், வேலைக்கு அவ்வளவாக இல்லை.

இவை எல்லாவற்றிலும் விடுபட்ட ஒன்று ஆள் மாற்றம். இங்கே பழகிய பெடியள் கொழும்புக்கோ கடல் கடந்தோ போவது வழமை, அதுவும் வேலையின் நடுவில். 29110இல் பராமரிப்பு ஆவணம் கடைசியில்தான் வருகிறது. அதை முதல் பேஸ்லைனோடு தொடங்குங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் அரைப் பக்கம் சேருங்கள். கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எழுதுங்கள், பேசிய மொழியில் எழுதினால்தான் பேசியது சரியாக வரும். வாடிக்கையாளர் கையொப்பமிடும் மூன்று கோப்புகள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்: வேலைக் கூற்று, மாற்றக் கோரிக்கை, ஏற்புக் கடிதம். ரொறன்ரோ மாரியில் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்பதால், அவர்களின் ஒப்புதல் வரும் நேரத்தை ஒரு முழு வேலைநாள் என்றே திட்டத்தில் போடுங்கள்.

அச்செடுக்க நினைப்பவர்கள் பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடைக்கு 482 பக்கத்தையும் கொண்டுபோக வேண்டாம். 29110 அடிப்படைப் படியில் பணி அட்டவணைகளும் ஆவண விளக்கமும், சிஎம்எம்ஐயில் இரண்டாம் அத்தியாயமும் தேவைகள், உள்ளமைவு என்ற இரண்டு பகுதிகளும், பிஎஸ்பியின் இரண்டு படிவமும். படிவங்களை மட்டும் ஆளுக்கு இருபது பிரதி.